இரண்டு டிகிரி ரகசியம்

விமானத்தில் ஏறியதும் இடப்பக்கம் ஒரு கதவு தெரியும். நாம் வலப்பக்கம் திரும்பி, இருக்கை எண்ணைத் தேடிக்கொண்டு போய்விடுவோம். அந்த இடப்பக்கக் கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் அந்த நேரத்தில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் தெரியுமா? வானிலை கொஞ்சம், ஓடுபாதை கொஞ்சம், மிச்சமெல்லாம் எரிபொருள்! எத்தனை டன் நிரப்புவது, வழியில் எவ்வளவு எரியும், போய் இறங்கும்போது எவ்வளவு மிஞ்சும், மிஞ்சுவதில் இன்னும் ஒரு நூறு கிலோவைக் கூட்ட வழி உண்டா? இந்தக் கணக்கு ஒரு தனி உலகம். அதற்குள் கறாரான அறிவியல் இருக்கிறது. மூத்த கேப்டன்களிடமிருந்து இளையவர்களுக்குக் கைமாறும் பக்குவம் இருக்கிறது. எந்தக் கையேட்டிலும் அச்சாகாமல் காதோடு காதாகப் பரவிய வித்தைகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று 89 பேரை ஏறக்குறைய பாதாளத்துக்கே கொண்டுபோனதாகச் சொல்கிறார்கள். வாருங்கள், கதவைத் திறக்கலாம்.

உள்ளே போனதும் கண்ணில் படுவது எடை. ஜெட் விமானத்தில் ஒரு டன்னைக் கூடுதலாக ஏற்றினால், அதைச் சுமப்பதற்கென்றே மணிக்கு 30 முதல் 40 கிலோ எரிபொருள் போய்விடும். ஏற்றியது எரிபொருளாகவே இருந்தாலும் கணக்கு மாறாது. பத்து மணி நேரப் பயணத்துக்கு 'இருக்கட்டுமே' என்று ஒரு டன் அதிகமாக நிரப்பினால், போய்ச் சேரும்போது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்காது. தன்னையே தின்றுகொண்டு வரும் சரக்கு அது!

அதனால்தான் இந்தத் துறையில் எடை குறைப்பு ஒரு விரதம் மாதிரி. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வரைபடங்களும் கையேடுகளும் திணித்த 16 கிலோப் பையை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். 2013-இல் அதற்குப் பதில் கையில் ஐபேடைக் கொடுத்தார்கள். ஆண்டுக்கு 4 லட்சம் கேலன் எரிபொருளும் 12 லட்சம் டாலரும் மிச்சமாகும் என்று அந்த நிறுவனம் கணக்குச் சொன்னது. ஜப்பானின் ஏஎன்ஏ நிறுவனம் 2009-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. விமானம் ஏறும் முன்பு கழிப்பறைக்குப் போய்விட்டு வந்துவிடுங்கள் என்று பயணிகளையே கேட்டுக்கொண்டது! ஒருவரிடம் சில நூறு கிராம்தான். ஆனால் விமானம் நிறையப் பேர், நாள் முழுக்கப் பல விமானங்கள் என்று பெருக்கிப் பாருங்கள், அந்தக் கோரிக்கையின் நியாயம் புரிந்துவிடும்.

இதெல்லாம் நிர்வாகம் செய்கிற சிக்கனம். விமானியின் கையில் இருப்பது வேறு.

தரையிலேயே ஆரம்பித்துவிடுகிறது அது. ஏ320 மாதிரியான விமானம் இரண்டு எஞ்சினையும் ஓட்டிக்கொண்டு ஓடுபாதை நோக்கி ஊர்ந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 கிலோ, அதற்குச் சற்று மேலேகூட எரிக்கும். பெரிய விமான நிலையங்களில் வரிசையில் நிற்பதே இருபது நிமிடம். ஆகவே ஒரு எஞ்சினை மட்டும் ஓட்டி ஊர்வார்கள். இன்னொன்றைக் கடைசி நேரத்தில் கிளப்புவார்கள். கேட்க எளிது. ஆனால் எஞ்சின் சூடேற இரண்டிலிருந்து ஐந்து நிமிடம் வேண்டும். வரிசை திடீரென்று நகர்ந்துவிட்டால் சூடேறாத எஞ்சினோடு ஓடுபாதை ஓரத்தில் நின்று, பின்னால் இருக்கிறவர்களின் எரிச்சலைச் சம்பாதிக்க வேண்டியதுதான். எந்த நிமிடத்தில் கிளப்புவது என்ற அந்த ஊகம் இருக்கிறதே, அதில்தான் அனுபவசாலியின் முத்திரை தெரியும்.

அடுத்து, இறக்கம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். 35,000 அடியில் பறக்கும் விமானம் தரையைத் தொட வேண்டிய இடத்துக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் முன்னாலேயே இறங்கத் தொடங்கும். கெட்டிக்கார விமானி சரியான புள்ளியில் எஞ்சின்களைக் குறைந்தபட்ச விசைக்குக் கொண்டுவந்துவிட்டு, அத்தனை தூரமும் உயரத்தையே விலையாகக் கொடுத்துச் சறுக்கிக்கொண்டு வருவார். ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்பது அவர்கள் மனக்கணக்கு. ஓடுபாதை நெருங்கும்வரை எஞ்சின் விசையைத் திரும்பவும் கூட்டாமலே வந்து சேர்ந்தால் அன்றைக்கு அவருக்குத் திருவிழா. அடுத்த முறை பறக்கும்போது கவனியுங்கள், இறக்கத்தில் எஞ்சின் ஓசை அடங்கி, காற்றின் சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டால், முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரு கலைஞர்!

இந்தக் கலையிலேயே ஆபத்தும் இருக்கிறது. ஃபிளாப் என்ற இறக்கை மடிப்பையும் சக்கரத்தையும் எவ்வளவு தாமதமாக விரிக்கிறாரோ, அவ்வளவு எரிபொருள் மிச்சம். அதனால் கடைசிவரை இழுத்துப் பார்க்கத் தோன்றும். வேகம் குறையாமல், சக்கரம் முழுதாக இறங்காமல் தரையை நெருங்குகிற விமானம் விபத்தின் வாசலில் நிற்கிறது. ஆகவே நிறுவனங்கள் ஒரு கோடு போட்டுவைத்திருக்கின்றன. மேகமூட்டமாக இருந்தால் 1,000 அடிக்குள், தெளிவான வானமாக இருந்தால் 500 அடிக்குள், வேகமும் ஃபிளாப்பும் சக்கரமும் எல்லாம் சீராகியிருக்க வேண்டும். இல்லையென்றால் இறங்காதே, மேலே ஏறிச் சுற்றி வா. அப்படி ஒரு சுற்றுப் போனால், அதுவரை சேமித்தது அத்தனையும் பல மடங்காகப் போய்விடும். பேராசைக்கு உடனடி அபராதம்.

மக்கள் பரவலாக நம்பும் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புறப்படும்போது விமானிகள் எஞ்சினின் முழு விசையைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. நீளமான ஓடுபாதை, குறைவான எடை என்றால் விசையைக் குறைத்தே கிளம்புவார்கள். எரிபொருளை மிச்சம் பிடிக்கத்தான் இது என்று நினைப்போம். உண்மையில் இதனால் எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும், ஏனென்றால் விமானம் மெதுவாக உயரத்துக்குப் போகிறது. மிச்சமாவது எஞ்சினின் ஆயுள்.

பயணியின் காற்றிலேயே கை வைத்த கதையும் உண்டு. பெரும்பாலான விமானங்களில் உள்ளே வரும் காற்று எஞ்சினிலிருந்து எடுக்கப்பட்டு, 'பேக்' என்று இவர்கள் சொல்லும் குளிரூட்டும் அமைப்புகள் வழியாக வருகிறது. எஞ்சினிலிருந்து காற்றை எடுத்தால் எரிபொருள் செலவு கூடும். மூன்று பேக் கொண்ட பழைய பெரிய விமானங்களில் ஒன்றை அணைத்துவிட்டு இரண்டிலேயே பறப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் விமானப் பணிப்பெண்கள் தலைவலி, மூச்சுமுட்டல் என்று புகார் எழுப்பினார்கள். அவர்கள் பக்கம்தான் நான். நடந்து நடந்து வேலை செய்கிறவருக்கு உட்கார்ந்திருக்கிறவரைவிட அதிகக் காற்று வேண்டும், எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்கு வேறு எவ்வளவோ இடம் இருக்கிறது.

சரி, இப்போது வதந்திகளின் அறைக்குள் நுழையலாம்.

புரொப்பெல்லர் காலத்திலிருந்து வரும் ஒரு நம்பிக்கை: விமானத்தை 'படியில் ஏற்றுவது'. போக வேண்டிய உயரத்தைவிடச் சில நூறு அடி மேலே ஏற வேண்டும். பிறகு மூக்கை லேசாகத் தாழ்த்தி, வேகம் எடுத்துக்கொண்டு, சரியான உயரத்துக்கு வந்து அமர வேண்டும். அப்படிச் செய்தால் விமானம் கண்ணுக்குத் தெரியாத ஒரு படியின் மேல் ஏறிக்கொண்டு, அதே விசையில் கூடுதல் வேகத்தோடு பறந்துகொண்டே இருக்குமாம். எத்தனையோ தலைமுறை விமானிகள் சத்தியம் செய்திருக்கிறார்கள். காற்றியக்கவியல் அறிஞர்கள் ஒரே குரலில் இல்லை என்கிறார்கள். குறிப்பிட்ட எடை, உயரம், விசை இருந்தால் விமானம் கடைசியில் அதற்குரிய வேகத்துக்குத்தான் வந்து சேரும். மேலிருந்து இறங்கி வந்தால் அந்த வேகத்துக்குச் சீக்கிரம் வரலாம், அவ்வளவுதான். இருந்தும் இந்த நம்பிக்கை எங்கிருந்து பிறந்திருக்கும் என்று யோசித்தால் சுவையாக இருக்கிறது. பாரம் நிறைந்த பழைய விமானங்கள் மெதுவான வேகத்தில் மூக்கை நிமிர்த்திக்கொண்டு, காற்றை உழுதுகொண்டு, வேகம் எடுக்க நெடுநேரம் திணறும். அந்தத் திணறலை அனுபவித்தவர்களுக்கு இறங்கி வந்து பிடிக்கிற வேகம் ஒரு மாயம்போலத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. கடல் விமானங்களுக்கு நிஜமாகவே ஒரு 'படி' உண்டு. மிதவையின் அடியில் வெட்டப்பட்ட அந்த விளிம்பின் மேல் ஏறினால்தான் அவை நீரின் பிடியிலிருந்து விடுபடும்.

இந்த வதந்தியால் யாருக்கும் சேதமில்லை. அடுத்தது அப்படியில்லை.

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1979-இல் ஈரானியப் புரட்சியோடு இன்னொன்று. அதற்கு முன்பு விமான நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தில் ஒரு மூலையில் கிடந்த எரிபொருள் செலவு, ஊழியர் சம்பளத்தோடு போட்டி போடத் தொடங்கியது. போயிங் 727 என்ற மூன்று எஞ்சின் விமானம் அன்று அமெரிக்க வானத்தின் ராஜா. அழகான விமானம், ஆனால் பயங்கரப் பசிக்காரி. அந்தக் காலத்தில்தான் 727 விமானிகளிடையே இந்த வித்தை உலவியதாகச் சொல்லப்படுகிறது.

இறக்கையின் பின்விளிம்பில் இருப்பவை ஃபிளாப்புகள், முன்விளிம்பில் இருப்பவை ஸ்லாட்டுகள். இரண்டும் புறப்படவும் தரையிறங்கவும் விரிக்க வேண்டியவை. 727-இல் ஃபிளாப் பிடியை முதல் நிலையான 2 டிகிரிக்கு நகர்த்தினால் ஃபிளாப்போடு 2, 3, 6, 7 என்ற எண்ணுள்ள ஸ்லாட்டுகளும் விரியும். வித்தை இதுதான்: ஸ்லாட்டுகளுக்கான சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட வேண்டும். பிறகு ஃபிளாப்பை மட்டும் 2 டிகிரி விரிக்க வேண்டும். இறக்கையின் வளைவு இத்துனூண்டு கூடும். விமானத்தின் மூக்கு தாழும். உயரே மெல்லிய காற்றில் அல்லாடும் விமானம் நிம்மதியாகப் பறக்கும், எரிபொருளும் மிச்சமாகும்! நினைத்துப் பாருங்கள், 39,000 அடியில்! போயிங் விமானங்களில் 20,000 அடிக்கு மேல் ஃபிளாப்பைத் தொடவே கூடாது என்பது பொதுவான கட்டுப்பாடு.

1979 ஏப்ரல் 4, இரவு. டிடபிள்யூஏ நிறுவனத்தின் 841-ஆம் எண் விமானம் நியூயார்க்கிலிருந்து மினியாபொலிஸ் போய்க்கொண்டிருந்தது. 82 பயணிகள், 7 ஊழியர்கள். எதிர்க்காற்று பலமாக இருந்ததால் கேப்டன் ஹூட் கிப்சன் விமானத்தை 39,000 அடிக்கு ஏற்றியிருந்தார். சாப்பாடு முடிந்து தட்டுகள் திரும்பிக்கொண்டிருந்தன. மிச்சிகன் மாநிலத்தின் மேல் விமானம் மெல்ல நடுங்கியது. பிறகு வலப்பக்கம் சாய்ந்தது. ஆட்டோபைலட் எதிர்த்துப் பார்த்தது, கேப்டன் எதிர்த்துப் பார்த்தார். விமானம் அப்படியே முழுக்கப் புரண்டு தலைகுப்புற விழுந்தது.

63 விநாடியில் 34,000 அடி! ஒலியின் வேகத்தை ஒட்டிய வேகம். உடல்கள் இருக்கையில் அறையப்பட்டுக் கையைக்கூடத் தூக்க முடியாத நிலை. கிப்சன் வேகத்தடைகளை விரித்துப் பார்த்தார், பயனில்லை. கடைசியாகச் சக்கரங்களை இறக்கச் சொன்னார். அந்த வேகத்தில் சக்கரத்தை இறக்கினால் கதவுகளும் குழாய்களும் பிய்ந்துபோகும். பிய்ந்தும் போயின. ஆனால் விமானம் அடங்கியது. ஏறக்குறைய 5,000 அடியில் மூக்கு நிமிர்ந்தது. வலது இறக்கையின் ஏழாம் எண் ஸ்லாட் காணாமல் போயிருந்தது. டெட்ராய்ட்டில் அந்த விமானம் இறங்கியது. சிலருக்குக் காயம், ஒருவரும் சாகவில்லை. எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

மறுநாள் கிப்சன் மாவீரன். ஆனால் விசாரணை தொடங்கியதும் கதை மாறியது. காக்பிட் பேச்சைப் பதிவு செய்யும் நாடா 30 நிமிடம் கொண்டது. அதில் 21 நிமிடம் வெறுமை! விமானம் தரையில் நிற்கும்போது பதிவை அழிக்க ஒரு பொத்தான் உண்டு, பல விமானிகள் பழக்கமாகவே அதை அழுத்துவார்கள். விழுந்து எழுந்த ஒரு இரவின் பதிவு அழிந்துபோனதை விசாரணையாளர்களால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. காக்பிட் வட்டாரங்களில் ஒரு காட்சி உலவத் தொடங்கியது. காக்பிட்டின் மூன்றாமவரான ஃப்ளைட் எஞ்சினியர் சாப்பாட்டுத் தட்டுகளைக் கொடுக்க எழுந்து போகிறார். மற்ற இருவரும் அந்த 2 டிகிரி வித்தையைச் செய்கிறார்கள். திரும்பி வந்த எஞ்சினியர் சர்க்யூட் பிரேக்கர் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, பொறுப்பாக உள்ளே அழுத்துகிறார். ஸ்லாட்டுகள் திறந்துகொள்கின்றன. அவசரமாக மூடும்போது ஏழாம் எண் மட்டும் மூட மறுக்கிறது.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆராய்ந்து, 1981-இல் அறிக்கை தந்தது. தானாக ஸ்லாட் விரியக்கூடிய எல்லா இயந்திரக் கோளாறுகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, விமானிகள் ஃபிளாப், ஸ்லாட் கட்டுப்பாடுகளைக் கையாண்டதால்தான் ஸ்லாட்டுகள் விரிந்தன என்று முடிவு கட்டியது. ஏழாம் எண் ஸ்லாட் ஏற்கெனவே கொஞ்சம் கோணியிருந்ததையும் அது சொன்னது. கிப்சனும் மற்ற இருவரும் அப்படி எதையும் தொடவில்லை என்றார்கள். கிப்சன் கடைசிவரை அதே சொல்லில் நின்றார். விமானிகள் சங்கம் மறு ஆய்வு கேட்டது, வாரியம் அசையவில்லை. 2016-இல் இந்த விமானிகளுக்காக வாதாடி ஒரு முழுப் புத்தகமே வந்தது. கண்ணால் பார்த்த சாட்சி எவரும் இல்லாமல், மற்றதெல்லாம் தள்ளுபடியானதால் மிஞ்சியது குற்றம் என்று ஒருவரின் வாழ்நாள் பெயரை எழுதிவிடுவது எனக்கு உவப்பாக இல்லை. அதே சமயம், வாரியத்துக்கு அந்த ஊகம் நம்பத் தகுந்ததாகத் தோன்றியதன் பின்னணியும் புரிகிறது. அந்த விபத்துக்கு ஐந்தரை ஆண்டுக்கு முன்பு, 1973 நவம்பரில், நேஷனல் ஏர்லைன்ஸின் டிசி-10 ஒன்றில் கேப்டனும் ஃப்ளைட் எஞ்சினியரும் 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்' என்ற ஆர்வத்தில் பறக்கும்போதே சில சர்க்யூட் பிரேக்கர்களை இழுத்துச் சோதித்துப் பார்த்ததை அதே வாரியம் பதிவு செய்திருந்தது. அன்று ஒரு எஞ்சின் சிதறி, ஜன்னல் உடைந்து, ஒரு பயணி வெளியே உறிஞ்சப்பட்டு இறந்தார்.

இனி வருவதுதான் என்னைத் துள்ள வைக்கிற பகுதி. அந்த 2 டிகிரி வித்தையின் உள்ளே ஒரு உண்மை ஒளிந்திருந்தது! 727-இன் ஃபிளாப்புக்கு அது பொருந்தாது. அந்த ஃபிளாப் விரிந்தால் இழுவைதான் கூடும். ஆனால் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்ப இறக்கையின் வளைவைத் துளித்துளியாக மாற்றினால் எரிபொருள் மிச்சமாகும் என்ற எண்ணம் முற்றிலும் சரி. போயிங் 787 இன்று அதைத்தான் செய்கிறது. உயரே பறந்துகொண்டிருக்கும்போதே அதன் கணினி பின்விளிம்பு ஃபிளாப்புகளை அரை அரை டிகிரியாக ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறது. ஏர்பஸ் ஏ350-யும் அப்படியே. இறக்கைக்கு அருகில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தாலும் தெரியாத அசைவு. காக்பிட் வட்டாரத்தில் கிசுகிசுவாகத் திரிந்தது, காற்றுச் சுரங்கத்தில் அளக்கப்பட்டு, சான்றிதழ் வாங்கி, ராஜபாட்டையில் வந்துவிட்டது.

விமானிகள் மட்டுமா, நிறுவனங்களும் வித்தை கண்டுபிடிக்கும். ஆஸ்திரேலியாவின் குவாண்டஸ் 1996 டிசம்பரில் தன் 747 விமானிகளுக்கு ஒரு சிக்கன முறையைத் தந்தது. தரையிறங்கும்போது ஃபிளாப்பை 30-க்குப் பதில் 25-இல் வை. தரையைத் தொட்டபின் எஞ்சினின் எதிர்விசையை முழுதாகக் கொடுக்காதே, குறைந்தபட்சத்தில் வை, பிரேக்கை நம்பு. கார்பன் பிரேக்குகள் எத்தனை முறை அழுத்தப்படுகின்றன என்பதைப் பொறுத்தே தேய்கின்றன, எவ்வளவு பலமாக என்பதைப் பொறுத்து அவ்வளவாக இல்லை. ஆகவே எதிர்விசைக்கு ஆகும் எரிபொருளும் எஞ்சின் தேய்மானமும் இரைச்சலும் மிச்சம். காய்ந்த, நீளமான ஓடுபாதையில் இது அருமையான யோசனை. இன்றும் உலகம் முழுக்கப் பலர் எதிர்விசையைக் குறைத்தே இறங்குகிறார்கள்.

1999 செப்டம்பர் 23 இரவு பாங்காக்கில் பேய்மழை. குவாண்டஸின் முதல் எண் விமானம், 410 பேரோடு, அதே வழக்கமான சிக்கன முறையில் இறங்க வந்தது. உயரமும் வேகமும் கூடுதலாகவே வந்தது. மழை ஜன்னலை மறைக்க, கேப்டன் மேலே ஏறச் சொன்னார். துணை விமானி விசையைக் கூட்டினார். அதற்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிட, கேப்டன் மனம் மாறி விசைப்பிடிகளைப் பின்னுக்கு இழுத்தார். அந்தக் குழப்பத்தில் எதிர்விசையை எவருமே கொடுக்கவில்லை! தண்ணீர் தேங்கிய பாதையில் பிரேக் வழுக்கியது. பாதை முடிந்து 220 மீட்டர் தாண்டி, கோல்ஃப் மைதானத்தை ஒட்டி விமானம் நின்றது. பலத்த காயம் யாருக்கும் இல்லை. எதிர்விசைப் பிடியை முழுதாக இழுப்பது தினசரிப் பழக்கமாக இருந்திருந்தால் அந்த இரவும் கை தானாகப் போயிருக்கும் என்று நான் நினைக்கிறேன். சிக்கன முறை சேமித்துத் தந்தது சில கிலோ எரிபொருள், அது கையிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரு அனிச்சைச் செயல்.

இப்போது நம் ஊர்ப் பக்கம் வருகிற ஒரு வித்தை. பாண்டிச்சேரி வழியாகப் போகும் லாரி அங்கே டேங்க்கை நிரப்பிக்கொள்ளும், டீசல் விலை குறைவு என்பதால். விமானங்களும் அச்சு அசலாக இதைச் செய்கின்றன! டேங்கரிங் என்று பெயர். இந்தியாவில் விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் வாட் வரி வேறு. தமிழ்நாட்டில் நெடுங்காலமாக 29 சதவீதம். பல மாநிலங்கள் 5 சதவீதத்துக்கும் கீழே இறக்கிவிட்டன. மலிவான ஊரில் திரும்பி வரவும் சேர்த்து நிரப்பிக்கொண்டு சென்னைக்கு வந்தால், இங்கே குழாயைத் தொடாமலே திரும்பலாம். காசு மிச்சம். ஆனால் அந்தக் கூடுதல் எடையைச் சுமக்க எரிபொருள் கூடுதலாக எரிந்திருக்கும். எரிபொருளைச் சேமிக்கத் தவம் கிடக்கும் அதே காக்பிட், காசைச் சேமிக்க எரிபொருளை எரிக்கிறது!

ஐரோப்பாவில் இதை அளந்து பார்த்தார்கள். 2019-இல் யூரோகண்ட்ரோல் வெளியிட்ட கணக்குப்படி டேங்கரிங்கால் நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 26.5 கோடி யூரோ மிச்சம், வானத்துக்குக் கூடுதலாக 9 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு. இப்போது அங்கே சட்டமே வந்துவிட்டது. 2025 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தின் விமான நிலையத்தில் புறப்படும் நிறுவனம் தனக்கு ஆண்டு முழுக்கத் தேவையான எரிபொருளில் 90 சதவீதத்தை அங்கேயே நிரப்பியாக வேண்டும். நல்ல சட்டம். நம் மாநிலங்கள் வரியைச் சமன் செய்தால் இங்கே சட்டம்கூட வேண்டியதில்லை.

காக்பிட்டின் உள்ளே இன்னும் ஒரு சூடான இடம் பாக்கி. கூடுதல் எரிபொருள் வேண்டுமா என்பதைக் கடைசியில் தீர்மானிப்பவர் கேப்டன். வானம் இருண்டிருந்தால் ஒரு டன் அதிகமாகக் கேட்பது அவர் உரிமை. 2008-இல் எண்ணெய் விலை எகிறியபோது, அமெரிக்காவின் யுஎஸ் ஏர்வேஸ் தன் மூத்த கேப்டன்கள் எட்டுப் பேரை, அதிகம் எரிபொருள் எடுக்கிறார்கள் என்று பயிற்சிக்கு அழைத்தது. கொதித்துப்போன விமானிகள் சங்கம் நாளிதழில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்து, எங்களை மிரட்டுகிறார்கள் என்று ஊருக்கே சொன்னது. அதே ஆண்டு சவுத்வெஸ்ட் நிறுவனம் சண்டையில்லாத வழி கண்டது. ஒவ்வொரு பயணத்தையும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் மெதுவாக்கியது. அந்த ஆண்டு மிச்சமாகும் என்று அது போட்ட கணக்கு 4 கோடியே 20 லட்சம் டாலர்!

மெலிதாக நிரப்பிக்கொண்டு போவதன் விளைவு 2012 ஜூலை 26 அன்று ஸ்பெயினில் தெரிந்தது. மாட்ரிட்டில் இடியும் மழையும். வாலென்சியாவுக்குத் திசைதிரும்பிய ரையன்ஏர் விமானங்களில் மூன்று, அடுத்தடுத்து 'மேடே' அறிவித்தன. எல்லா ஜெட் விமானமும் இறங்கும்போது கடைசி 30 நிமிட எரிபொருள் கையில் இருக்க வேண்டும். அதைத் தொட நேரும் என்று தெரிந்தாலே அபயக்குரல் எழுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றும் நலமாக இறங்கின. விதிப்படிதான் எரிபொருள் எடுத்திருந்தார்கள் என்று அயர்லாந்து அதிகாரிகள் சொன்னார்கள், கூடவே, எரிபொருள் கொள்கையை மறுபரிசீலனை செய்யச் சொல்லிப் பரிந்துரைத்தார்கள். குறைந்தபட்ச விதி என்பது நல்ல நாளுக்கு எழுதப்பட்டது. ஒரே மழை பத்து விமானத்தை ஒரே ஊருக்குத் துரத்தும்போது கேப்டனின் அந்தக் கூடுதல் ஒரு டன்தான் நிம்மதி. அதைக் கேட்கிறவரைப் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள், ஐயா!

மிரட்டாமலே இதைச் செய்யலாம் என்பதற்கும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. 2014-இல் வர்ஜின் அட்லாண்டிக்கின் 335 கேப்டன்கள், எட்டு மாதம். பொருளியல் ஆய்வாளர்கள் சிலருக்கு மாதாமாதம் கடிதம் அனுப்பினார்கள்: உங்கள் எரிபொருள் கணக்கு இப்படி இருக்கிறது. சிலருக்கு இலக்கு வைத்தார்கள். சிலரிடம், இலக்கை எட்டினால் நீங்கள் சொல்லும் அறக்கட்டளைக்கு நன்கொடை என்றார்கள். எவருக்கும் தண்டனையோ போனஸோ இல்லை. சுமார் 6,800 டன் எரிபொருள் மிச்சமானது. இதில் தித்திக்கிற செய்தி, கடிதமே பெறாத கேப்டன்களும் மாறிவிட்டார்கள் என்பது. சோதனை நடக்கிறது என்று தெரிந்ததே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த வித்தை என்ன? அது ஏற்கெனவே பறந்து பார்த்துவிட்டது. எந்த விமானியும் முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்யும் பாடம், பெரிய விமானத்துக்குப் பின்னால் போகாதே என்பது. அதன் இறக்கை நுனிகளிலிருந்து சுழலும் காற்று உன்னைப் புரட்டிப்போடும். ஆனால் அந்தச் சுழலுக்கு ஒரு மேல்நோக்கிய பக்கமும் உண்டு. 2021 நவம்பர் 9 அன்று ஏர்பஸ்ஸின் இரண்டு ஏ350 விமானங்கள் பிரான்சின் துலூஸிலிருந்து கனடாவின் மான்ட்ரியலுக்கு ஜோடியாக அட்லாண்டிக்கைக் கடந்தன. பின்னால் வந்த விமானம் 3 கிலோமீட்டர் இடைவெளியில், முன்னதன் சுழலில் எழும்பும் காற்றைச் சரியாகப் பிடித்து அதில் அமர்ந்துகொண்டே வந்தது. 6 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு மிச்சம். நெடும்பயணங்களில் 5 சதவீதத்துக்கு மேல் எரிபொருள் சேமிக்கலாம் என்கிறது ஏர்பஸ்.

இதில் ஒரே ஒரு சிக்கல். மிச்சமெல்லாம் பின்னால் வருகிறவருக்குத்தான், முன்னால் போகிறவருக்கு ஒரு சொட்டும் கிடையாது. இரண்டும் ஒரே நிறுவனத்தின் விமானங்களாக இருந்தால் கவலையில்லை. போட்டி நிறுவனங்கள் இரண்டு நடுக்கடலுக்கு மேல் சந்தித்தால், யார் முன்னால் போவது, பின்னால் வருகிறவர் அவருக்கு எவ்வளவு கொடுப்பது? கேப்டன்கள் இதை ரேடியோவில் பேசி முடிக்கும் நாள் வந்தால், அந்தப் பேரத்தை ஒட்டுக்கேட்க நான் இப்போதே தயார்!